ஆடு பேசிய வாரம்

அந்தத் தாளை நான் பிரித்தது கியர் பெட்டி மூடியின் வரைபடம் என்று நினைத்து. சுருளை விரித்ததும் அம்மோனியா வாடை வழக்கம்போலக் கண்ணைக் கரித்தது. துடைத்துக்கொண்டு பார்த்தால் மூடியைக் காணோம். நீலக் கோடுகளில் ஒரு கம்பெனி பஸ் நின்றுகொண்டிருந்தது. ஒரு சாண் அகலமே உள்ள நீளத் தாள், அதில் நான்கு கட்டங்கள். முதல் கட்டத்தில் பஸ்ஸுக்காக வரிசையில் நிற்கும் ஆட்கள், அவர்களுக்கு நடுவில் கழுத்தில் டிபன் பாக்ஸ் மாட்டிய ஓர் ஆடு. இரண்டாவதில் ஆடு ஜன்னலோரம் உட்கார்ந்திருக்க, பக்கத்து ஆள் அதன் தோளில் சாய்ந்து தூங்குகிறார். மூன்றாவதில் சூப்பர்வைசர் ஒருவர் அடையாள அட்டையைக் கேட்டுக் கையை நீட்டுகிறார். கடைசிக் கட்டத்தில் ஆடு வாயைத் திறந்திருக்கிறது. வாயிலிருந்து ஒரு பெரிய பேச்சுக் குமிழி கிளம்பி மேலே போகிறது. குமிழிக்குள் ஒன்றும் இல்லை.

பஸ்ஸை வரைந்திருந்த விதம்தான் என்னை முதலில் பிடித்துக்கொண்டது. ஜன்னல் கம்பிகள், படிக்கட்டின் கைப்பிடி, பின்பக்க ஏணி எல்லாம் அளவு பிசகாமல், அந்தத் தாளை ஒர்க் ஷாப்பில் கொடுத்தால் அப்படியே ஒரு பஸ்ஸைக் கட்டிவிடலாம் போல இருந்தது. ஆடு மட்டும் ஒரே இழுப்பில் போட்ட கோடு. அளவும் கிடையாது, ஸ்கேலும் கிடையாது. கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கும் போல இருந்தது. நான் அப்போது கிருஷ்ணகிரியில் டிப்ளமோ முடித்துவிட்டு, ஓசூர் தொழிற்பேட்டையில் ஒரு சின்னக் கம்பெனியின் டிராயிங் ஆபீசில் பயிற்சியாளனாகச் சேர்ந்திருந்தேன். பர்கூரில் வளர்ந்தவன். பள்ளிக்கூட நாட்களில் கிருஷ்ணகிரி வாடகைப் புத்தகக் கடையில் இருந்த படக்கதைப் புத்தகங்களை எல்லாம் படித்துத் தீர்த்து, கடைக்காரர் என்னைக் கண்டாலே "புதுசு வரலப்பா" என்று சொல்லும் நிலைக்குக் கொண்டுவந்திருந்தேன். படக்கதை என்றால் சென்னையிலோ வெளிநாட்டிலோ யாரோ செய்து அனுப்புவது என்றுதான் நினைத்திருந்தேன். எங்கள் பஸ்ஸை, எங்கள் கேட்டை ஒருவர் கட்டம் கட்டி வரைய முடியும் என்பது அந்த நிமிடம் வரை எனக்குத் தோன்றியதே இல்லை.

தாளை எடுத்துக்கொண்டு அன்று சாயங்காலமே பிரிண்ட் கடைக்குப் போனேன். பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்த கடை அது. கம்பெனிகள் தங்கள் வரைபடங்களை அங்கே கொடுத்தால் கண்ணாடி மாதிரியான டிரேசிங் தாளில் மையால் படியெடுத்து, அதை மஞ்சள் பூச்சுத் தாளின் மேல் வைத்து வெளிச்சம் காட்டி, அம்மோனியா ஆவியில் விட்டு நீலக் கோடாக எடுத்துத் தருவார்கள். படியெடுக்கும் வேலையைச் செய்தவர் ஒரு பெண். என்னைவிட ஆறேழு வயது மூத்தவர். கம்பெனி ஆட்கள் எல்லோருக்கும் அவர் டிரேசர் அக்கா. நான் தாளை மேஜையில் வைத்து, "அக்கா, என் மூடிக்குப் பதிலா இது வந்திருச்சு" என்றேன்.

அவர் குனிந்து பார்த்தார். கொஞ்சமும் பதறவில்லை. "அட, மாறிப் போச்சா. அப்ப உங்க மூடி பஸ்ஸில போயிருக்கும்."

"பஸ்ஸிலயா?"

"நாளைக்கு வந்துரும். யாராச்சும் அதிலயும் ஏதாச்சும் எழுதியிருப்பாங்க."

அவர் சொன்னபடியே மறுநாள் வந்துவிட்டது. கியர் பெட்டி மூடியின் நடுவில், திருகுத் துளைக்குப் பக்கத்தில், யாரோ பால் பாயின்ட் பேனாவில் "ஆடு எங்கே?" என்று எழுதியிருந்தார்கள்.

விஷயம் இப்படித்தான் நடந்துகொண்டிருந்தது. பிரிண்ட் தாள் ரோலை வெட்டியதுபோக ஓரத்தில் மிஞ்சும் துண்டுகளைக் கடைக்காரர் அக்காவுக்கு விட்டுவிடுவார். அக்கா வாரம் ஒரு தடவை நான்கு கட்டம் வரைந்து, அந்தத் துண்டுகளில் பிரதி எடுத்து, பிரிண்ட் வாங்க வரும் பையன்களின் சுருளுக்குள் ஒன்றைச் செருகி அனுப்புவார். அது கம்பெனி பஸ்களில் கைமாறும். படிப்பவர்களில் ஒருவர் குமிழியை நிரப்புவார், ஆடு என்ன சொல்கிறது என்று அவருக்குத் தோன்றுவதை எழுதுவார். அப்புறம் தாள் எப்படியோ சுற்றிக்கொண்டு கடைக்கே திரும்பி வரும். ஒரே படம், பத்துத் தாளில் பத்துப் பேச்சு. தமிழில் சில, கன்னடத்தில் சில, தெலுங்கில் ஒன்றிரண்டு. கேன்டீனில் ஆடு தட்டை முகர்ந்து பார்க்கும் படத்தில் ஒருவர் "புல்லே பரவாயில்லை" என்று எழுதியிருந்தார். நேரம் பதியும் அட்டையை ஆடு தின்றுகொண்டிருக்கும் படத்தில் இன்னொருவர் "இன்னிக்கு லீவு" என்று எழுதியிருந்தார். மேனேஜர் கத்திக்கொண்டிருக்க ஆடு எதிரில் நிற்கும் படத்தில் பாதிப் பேர் எழுதியது "சரி சார்" தான். ஆட்டுக்கு 'டெம்பரரி ஆடு' என்று பெயர் வைத்ததும் படித்தவர்கள்தான். அந்த பஸ்களில் போனவர்களில் பலர் வருஷக்கணக்காக டெம்பரரியாகவே இருந்தவர்கள். ஆடு எப்போது பர்மனென்ட் ஆகும் என்பது அவர்களுக்கு நிஜமான கேள்வியாக இருந்தது.

கடைக்காரர் கன்னடக்காரர். சனிக்கிழமை உள்ளே நுழைந்ததும் அவர் கேட்கும் முதல் கேள்வி "மேகே பந்தா?" என்பதுதான். ஆடு வந்ததா என்று அர்த்தம். வந்த தாள்களைத் தானே முதலில் வாங்கிப் பார்த்துச் சிரித்துவிட்டு அப்புறம்தான் அக்காவிடம் தருவார்.

எனக்கு எதிலும் அரைகுறையாக இறங்கத் தெரியாது. இரண்டே வாரத்தில் நான் ஆட்டின் ஏஜென்டாகிவிட்டேன். எந்த பஸ்ஸுக்கு எத்தனை பிரதி, யார் யாரிடமிருந்து திரும்பவில்லை என்பதெல்லாம் என் பொறுப்பு. எங்கள் பஸ்ஸில் எனக்குத் துணை ஃபிட்டர் அண்ணன். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், டிரைவருக்குப் பின்னால் முதல் இருக்கை அவருடையது, யூனியனிலும் முன்னால் நிற்பவர். குமிழிக்கு அவர் எழுதும் பேச்சுக்குத் தனி மவுசு உண்டு. யார் வரைகிறார்கள் என்று அவருக்குத் தெரியாது. அக்கா சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் நானும் சொல்லவில்லை. "எவனோ ஷிப்ட்ல கெடந்து நொந்தவன்தாம்ல வரையான். அனுபவிக்காதவனுக்கு இந்த நெளிவு வராது" என்பார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வேன்.

காலிக் குமிழியைப் பற்றி நான் பெரிய தத்துவமே வைத்திருந்தேன். குரலற்றவர்களின் குரல், வாசகனே படைப்பாளி என்றெல்லாம். ஒருநாள் அதை அக்காவிடம் விரிவாகச் சொன்னேன். அவர் பேனா முனையைத் துடைத்தபடி கேட்டுவிட்டு, "எந்தப் பாசையில எழுதறது தம்பி? தமிழ்ல எழுதினா பஸ்ஸில பாதிப் பேருக்குப் படிக்க வராது. நான் படிச்சது தெலுங்கு மீடியம். தெலுங்குல எழுதினா உங்களுக்கே படிக்க வராது. அதான் விட்டுட்டேன்" என்றார். என் தத்துவம் அவ்வளவுதான்.

அதே பேச்சில்தான் அவர் தன் ஆசையையும் சொன்னார். சுற்றி வளைக்கவில்லை. "இது புஸ்தகத்தில வரணும். கடையில தொங்குதே, வாரப் புஸ்தகம், அதில. கீழ என் பேர் போடணும், சின்னதா இல்ல, கண்ணுக்குத் தெரியற மாதிரி." இவ்வளவு பேர் படிக்கிறார்களே, போதாதா என்று நான் கேட்டதற்கு அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "எத்தனை கம்பெனி டிராயிங் போட்டிருக்கேன்? வரைஞ்சவர்னு அதில ஒரு கட்டம் இருக்குமில்ல, அதில எப்பவும் எஞ்சினியர் பேர்தான். படி எடுக்கறவ பேருக்குக் கட்டமே கிடையாது. ஆடு ஒண்ணுதான் நானா வரைஞ்சது. அதிலயாச்சும் என் பேர் வர வேணாமா?"

வரவேண்டும் என்று எனக்கும் அந்த நொடியே தோன்றியது. அடுத்த மாதம் ஒரு நேர்முகத் தேர்வுக்குச் சென்னை போனேன். அந்த வேலை கிடைக்கவில்லை, என்ன கேட்டார்கள் என்பதுகூட நினைவில் இல்லை. நான் போனதே பெட்டியில் இருந்த ஆட்டுக்காகத்தான். ஒரு வார இதழின் அலுவலகத்தைத் தேடிப்போய், மாடிப்படியில் காத்திருந்து, துணை ஆசிரியர் ஒருவரைப் பிடித்துவிட்டேன். அவர் தாள்களை ஒவ்வொன்றாக மேஜையில் பரப்பினார். இரண்டு இடத்தில் சிரித்தார். பிறகு காலிக் குமிழியின் மேல் விரலை வைத்தார்.

"இதில ஆடு என்ன சொல்லுது?"

"படிக்கிறவங்க எழுதிக்குவாங்க சார்."

"எதில? பத்திரிகையிலயா?" அவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "ஒரு காப்பியை ஒரு வீட்டில வாங்கினா நாலு வீட்டில படிக்கிறாங்க தம்பி. சலூன்ல ஒரு காப்பி கிடக்கும். முதல்ல முடி வெட்ட வந்தவன் எழுதிட்டுப் போயிட்டா மத்தவன் என்ன பண்ணுவான்?"

அவர் தாள்களை அடுக்கித் திருப்பிக் கொடுத்தார். "படம் நல்லா இருக்கு. பேரும் போடலாம். ஆனா ஆடு பேசணும். என்ன பேசுதுன்னு வரைஞ்சவங்களையே எழுதச் சொல்லுங்க. அரைப் பக்கம் காலியா இருக்கு, ரொம்ப நாள் காலியா இருக்காது. அடுத்த வாரக் கடைசிக்குள்ள வந்துட்டா பாக்கலாம்."

திரும்பி வந்ததும் அக்காவிடம் சொன்னேன். அவர் முகத்தில் வந்த வெளிச்சத்தைப் பார்த்து, இனிக் கவலையில்லை என்று எனக்குப் பட்டது. வேலை சுலபம்தானே. எங்களிடம் நூற்றுக்கணக்கில் பேச்சு எழுதிய தாள்கள் இருக்கின்றன, நல்லதாகப் பொறுக்கி அனுப்பினால் ஆயிற்று. அந்த உற்சாகத்தில் மறுநாள் பஸ்ஸிலும் அறிவித்துவிட்டேன். நம் ஆடு பத்திரிகையில் வரப்போகிறது, இனி ஆடே பேசும், குமிழி அச்சிலேயே நிரம்பி வரும் என்று. கைதட்டல் வரும் என்று எதிர்பார்த்தேன்.

ஃபிட்டர் அண்ணன்தான் முதலில் பேசினார். "அவனே எழுதிட்டாம்னா பொறவு நாம என்னத்துக்குல?"

"இல்லண்ணே, அவங்க பேர் வெளிய வரும்ல."

"வரட்டும். பேரு வரதுக்கு நான் குறுக்க நிக்கல. ஆனா ஆடு நம்மளது. அது நம்ம பேச்சைத்தானே பேசிக்கிட்டுக் கெடக்கு? சென்னையில எவனோ ஒருத்தன் கேட்டாம்னு அது வேற பேச்சு பேசணுமோ?"

பின்னால் இருந்து ஒருவர், "கேன்டீனைப் பத்தி எழுதினா போடுவாங்களா அதில?" என்று கேட்டார். "போட மாட்டாங்க, அதுக்குப் பதிலா ஜோக் போடுவாங்க" என்றார் இன்னொருவர். பிரியத்தில் வந்த கோபம்தான் அது. ஆனால் கோபம் கோபம்தான். அவர்கள் இறங்கிப்போன பிறகு பயிற்சியாளனான நான் மட்டும் இருக்கையில் மிச்சமிருந்தேன்.

அந்த வாரத் தாள் ஏற்கெனவே பஸ்களுக்குப் போயிருந்தது. அதில் ஆடு பஸ்ஸைத் தவறவிட்டு நடந்தே கம்பெனிக்கு வருகிறது. கேட்டில் செக்யூரிட்டி கம்பை நீட்டி நிறுத்தி, வருகைப் பதிவேட்டை அதன் பக்கம் திருப்பி, பேனாவை நீட்டுகிறார். எந்தக் கம்பெனி கேட்டிலும் அந்த இடத்தில் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: யாரைப் பார்க்கணும்? கடைசிக் கட்டத்தில் ஆடு வாயைத் திறக்கிறது. அனுப்ப வேண்டிய முதல் படம் அதுதான் என்று அக்கா முடிவு செய்திருந்தார். நானும் அதற்குத்தான் காத்திருந்தேன். முதலாளியைப் பார்க்கணும், பி.எஃப். கிளார்க்கைப் பார்க்கணும், கேன்டீன் காண்டிராக்டரைத் தனியாகப் பார்க்கணும் என்று எத்தனையோ வரப்போகிறது, அதில் ஒன்று பத்திரிகைக்குப் போகும் என்று கணக்குப் போட்டிருந்தேன்.

சனிக்கிழமை தாள்கள் திரும்பி வந்தன. ஒன்றுகூடக் குறையாமல் வந்தன, அதுவே அதிசயம். முதல் தாளைப் பிரித்தேன். குமிழி காலி. இரண்டாவது, காலி. எல்லாமே காலி. எங்கள் பஸ் மட்டுமல்ல, மற்ற பஸ்களிலும் அதே கதை. யூனியன் ஆள் ஒருவர் நினைத்தால் ஒரு செய்தி தொழிற்பேட்டை முழுவதும் எவ்வளவு வேகமாகப் போகும் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. உற்பத்தியை நிறுத்துவது போல, பேனா வைத்திருந்த அத்தனை பேரும் எழுதுவதை நிறுத்தியிருந்தார்கள்.

தாள் கட்டை அப்படியே அக்காவின் மேஜையில் வைத்தேன். கடைக்காரர் எட்டிப் பார்த்து, "ஏனப்பா, மேகேக்குத் தொண்டை கட்டிக்கிச்சா?" என்றார். அக்கா ஒவ்வொன்றாகப் புரட்டினார். புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று. புரிந்ததும் வாய்விட்டுச் சிரித்தார். "ஸ்ட்ரைக்கா?" என்றார். "எனக்கே ஸ்ட்ரைக்கா?"

அவர் உடைந்துபோவார் என்று பயந்துகொண்டு வந்த எனக்கு அந்தச் சிரிப்பு பிடிபடவில்லை. நாள் நெருங்குகிறது, பழைய தாள்களிலிருந்து ஏதாவது எடுத்துக்கொள்ளலாம் என்று பையிலிருந்து நான் பொறுக்கி வைத்திருந்ததைப் படித்துக் காட்டினேன். அவர் நான்கைந்தைக் கேட்டார். "நல்லாத்தான் இருக்கு. ஆனா இது உங்க ஆளுங்க பேசறது தம்பி. ஆடு பேசறதில்ல."

"அப்ப ஆடு என்னக்கா பேசும்?"

அவர் காலித் தாள்களைக் கண்ணாடி மேஜையின் மேல் வரிசையாகப் பரப்பினார். அடியில் விளக்கு எரியும் மேஜை அது. அத்தனை ஆடுகளும் வாயைத் திறந்துகொண்டு ஒரே கேட்டில் நின்றன. இத்தனை நாளும் கடைக்குத் திரும்பிய ஆட்டின் வாயில் யாராவது ஒருவரின் எழுத்து இருந்தது. வெறும் வாயோடு அது திரும்பி வந்தது அன்றுதான்.

"எங்க கொல்லை அந்தக் கேட்டுக்கு உள்ளதான் இருந்தது" என்றார் அக்கா. தொழிற்பேட்டைக்கு அந்த விளைநிலத்தை எடுத்தபோது அவர் சிறுமி. தொரப்பள்ளிக்குப் பக்கத்தில் சின்ன ஊர் அவருடையது. "இப்ப உங்க பஸ்ஸெல்லாம் நிக்குதே, அந்த எடம்."

நான் வருத்தம் காட்டும் முகத்தை வைத்துக்கொண்டேன் போலிருக்கிறது. அவர் கையை ஆட்டினார். "அட, அதெல்லாம் வேணாம். கொல்லை போனதில எனக்கு ஒண்ணும் கஷ்டமில்ல. களை எடுத்து முதுகு ஒடிஞ்சது எங்கம்மாவுக்கு. எனக்கு ஃபேன் காத்தில உக்காந்து வேலை. எங்ககிட்ட வந்து சொன்னாங்க, கையெழுத்து வாங்கினாங்க, பணமும் குடுத்தாங்க. ஆனா ஆட்டுங்களுக்கு யாரும் சொல்லலையே. காலையில அவுத்து விட்டா அதுங்க பாட்டுக்கு அங்கயே போய் நிக்கும். வாட்ச்மேன் ஓட்டி விடுவான். மறுநாளும் போகும். ரொம்ப நாள் போச்சுங்க."

"இதை ஏன் நீங்க முன்னாடியே சொல்லலை?"

"யாரு கேட்டாங்க? ஆடு என்ன சொல்லுதுன்னு எல்லாரும் அவங்களே எழுதிட்டாங்க."

குறையாகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னார். எனக்குத்தான் அங்கே நிற்க முடியாமல் போயிற்று, தண்ணீர் குடிக்கிற சாக்கில் பானைப் பக்கம் போனேன். நாங்கள் அந்த ஆட்டை எவ்வளவு நேசித்தோம் என்பதில் எனக்கு இன்றைக்கும் சந்தேகமில்லை. நேசித்த அவசரத்தில் அதன் வாயில் எங்கள் சம்பளத்தையும் எங்கள் சாம்பாரையும் வைத்துவிட்டோம், அது எதற்காக தினமும் அந்த பஸ்ஸில் ஏறுகிறது என்று ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை. வேலைக்குத்தான் வருகிறது என்று முடிவே செய்துவிட்டோம்.

திரும்பி வந்தபோது அக்கா பென்சிலால் குமிழிக்குள் தெலுங்கில் ஏதோ எழுதியிருந்தார். அதைத் தமிழில் சொல்லிக் காட்டி, எழுத்துப் பிழை வராமல் ஒரு துண்டுத் தாளில் எழுதித் தரச் சொன்னார். எழுதிக் கொடுத்தேன். வரைபடங்களுக்கு எழுதுகிற அதே நிமிர்ந்த எழுத்தில், டிரேசிங் பேனாவால், ஒவ்வொரு எழுத்தாகப் படியெடுத்தார். முடிவில் ஓர் ஆச்சரியக்குறி போட்டால் எடுப்பாக இருக்கும் என்றேன். "ஆடு கத்தலையே" என்றார். பிறகு கீழே, கண்ணுக்குத் தெரிகிற அளவில், இனிஷியலோடு தன் பெயரை எழுதினார். அந்தப் பெயருக்கு அவர் எடுத்துக்கொண்ட நேரத்தில் ஒரு பஸ்ஸையே வரைந்திருக்கலாம்.

ரிஜிஸ்டர் தபாலில் அனுப்பினோம். அடுத்த இதழில் வரவில்லை. அதற்கு அடுத்ததிலும் இல்லை. பஸ் ஸ்டாண்ட் கடையில் தொங்கும் இதழை நான் வாங்காமலே புரட்டிப் பார்ப்பதற்கு அந்தப் புத்தகக் கடைக்காரர் முணுமுணுக்க ஆரம்பித்தார். அரைப் பக்கம் வேறு யாருக்கோ போய்விட்டது என்று நான் முடிவு கட்டினேன், அக்காவும் கேட்பதை நிறுத்திவிட்டார். ஆனாலும் சனிக்கிழமைகளில் வாசல் பக்கம் யார் வந்தாலும் தலையைத் தூக்குவார். பஸ்களுக்கு அந்த வாரங்களில் புதுத் தாளும் போகவில்லை. ஸ்ட்ரைக் இப்போது இரண்டு பக்கமும் நடந்துகொண்டிருந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை பஸ்ஸில் ஏறியபோது, பத்திரிகையைக் கையால் தொடமாட்டேன் என்று சொல்லியிருந்த ஃபிட்டர் அண்ணனின் மடியில் அது விரிந்திருந்தது. நான் பார்ப்பதற்கு முன்னால் அவர் ஆட்டைப் பார்த்துவிட்டார். படம் அரைப் பக்கம். கேட், கம்பு, பதிவேடு, ஆடு. குமிழிக்குள் அச்சு மையில் இப்படி இருந்தது:

"யாரையும் பாக்க வரல. எடத்தைப் பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்."

அண்ணன் பக்கத்தில் இருந்த ஹெல்பர் அத்திப்பள்ளிப் பக்கத்துக்காரர், தமிழ் படிக்கத் தெரியாதவர். ஆடு என்ன சொல்கிறது என்று கன்னடத்தில் கேட்டார். அண்ணன் தன் திருநெல்வேலிக் கன்னடத்தில் மெதுவாகச் சொன்னார். ஹெல்பர் பின்னால் திரும்பி அடுத்தவருக்குச் சொன்னார். அப்படியே அது கடைசி இருக்கை வரை போயிற்று. யாரும் சிரிக்கவில்லை. பஸ் கேட்டுக்குள் நுழைந்து வழக்கமான இடத்தில் நின்றது. இறங்கும்போது அண்ணன் கடைசிப் படியில் கால் வைக்காமல் ஒரு கணம் கீழே பார்த்துக்கொண்டு நின்றார். பின்னால் இருந்தவர், "எறங்குய்யா, பஞ்ச் பண்ணணும்" என்று தோளைத் தட்டினார்.

டீ நேரத்தில் என்னைத் தேடி வந்தார். "இது யாருல, பொம்பளப் பேரு போட்டிருக்கு?"

"அவங்கதாண்ணே முதல்லேர்ந்து வரையறாங்க. பிரிண்ட் கடையில டிரேசிங் போடறாங்களே."

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். "கோடு மங்கலா இருக்குன்னு போன மாசம் நான் ஏசிட்டு வந்தேனே, அந்தம்மாவா?"

அந்தம்மாதான் என்றேன்.

அந்த இதழில் ஆடு சில மாதங்கள் வந்தது. பிறகு அவர்கள் பக்கங்களை மாற்றினார்கள், ஆடு நின்றது. அக்கா வேறு இரண்டு இதழ்களில் வரைந்தார். ஒன்று இழுத்து மூடப்பட்டது, மற்றொன்றில் இன்றைக்கும் வரைகிறார். பஸ்களுக்குப் போன தாளையும் அவர் விடவில்லை. கம்பெனி ஆட்கள் பேசுவதற்கென்று ஒரு கோழியை வரைந்து, அதன் குமிழியைக் காலியாக விட்டார். கோழி உங்களுக்கு, ஆடு எனக்கு என்பது ஒப்பந்தம். நான் இப்போது ஓசூரில் வேறொரு கம்பெனியில் இருக்கிறேன். பாகலூர் ரோட்டில் புதிதாக ஒரு பிரவுசிங் சென்டர் திறந்திருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே உட்கார்ந்தால், எந்த ஊரிலோ இருக்கும் யாரோ ஒருவர் தானே வரைந்து தானே போட்டிருக்கும் படக்கதைகள் கிடைக்கின்றன. பதிப்பாளர் இல்லை, பத்திரிகை இல்லை. படம் மேலிருந்து கோடு கோடாக இறங்கி வரும்வரை பொறுமையாக இருக்க வேண்டும். இறங்கியதும் நான் முதலில் தேடுவது பெயரை. பெயர் இருந்தால், கீழே மின்னஞ்சல் முகவரியும் இருந்தால், அவருக்கு நான்கு வரி எழுதிவிடுவேன். எந்தக் கட்டம் பிடித்தது, ஏன் பிடித்தது என்று எழுதுவேன். ஒருவரிடம், அவருடைய கதையில் அந்த நாய் எதற்காக தினமும் ரயில் நிலையத்துக்குப் போகிறது என்றுகூடக் கேட்டேன். இரண்டு பக்கத்துக்குப் பதில் வந்தது. அந்தக் கேள்வியை அதுவரை யாரும் தன்னிடம் கேட்டதில்லை என்று ஆரம்பித்திருந்தார். அடுத்து என்ன நடக்க வேண்டும் என்று மட்டும் நான் யாருக்கும் எழுதுவதில்லை.

அந்த முதல் படம் இதழில் வந்ததற்கு மறுநாள், சனிக்கிழமை, நான் பிரிண்ட் கடையில் இருந்தேன். ஃபிட்டர் அண்ணன் வாசலில் வந்து நின்றார். குளித்து, வேட்டி கட்டி, கல்யாண வீட்டுக்குப் போகிறவர் மாதிரி. கடைக்காரர் எழுந்து, "என்ன பிரிண்ட் வேணும் ஸ்வாமி?" என்றார். அண்ணன் அவரைத் தாண்டி உள்ளே பார்த்தார். அக்கா மேஜையில் குனிந்து ஏதோ ஒரு பம்பு வரைபடத்தைப் படியெடுத்துக்கொண்டிருந்தார்.

"பிரிண்ட் ஒண்ணும் வேண்டாம்" என்றார் அண்ணன். "ஆளைப் பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்."

அக்கா கோட்டை முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தார். அவரை அடையாளம் தெரிந்தது என்பது முகத்திலேயே தெரிந்தது.

"பாத்தாச்சா?"

"பாத்தாச்சும்மா."

"ஒரு நாள்ல ஆகாது" என்று சொல்லிவிட்டு அக்கா மறுபடி தாளின் மேல் குனிந்தார். "எங்க ஆடு தினம் வரும். நீங்களும் வாங்க."